கடல் அன்னைக்கு எவ்வளவு உயரம் ஏறுச்சு? தனுஷ்கோடி 1964, ஓர் எண்ணின் கதை



போடிநாயக்கனூர்க்காரன் கடலைப் பத்தி ஒரு எபிசோட் பண்றான்னா கொஞ்சம் விசித்திரமாத்தான் இருக்கும். எங்க ஊருக்கு மேற்கே ஏலமலை. கிழக்கே கடலைப் பார்க்கணும்னா நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல போகணும். ஆனா எங்க ஊர்ல எதோட உயரத்தைச் சொன்னாலும் கடலை வச்சுத்தான் சொல்றோம். இந்தியாவுல எந்த ரயில் நிலையத்துக்குப் போனாலும் மஞ்சள் பெயர்ப் பலகையில, ஊர் பேரோட சேர்த்து, கடல்மட்டத்துக்கு மேல இத்தனை மீட்டர்னு சின்னதா எழுதியிருக்கும். போடி நிலையத்துலயும் அப்படித்தான். அங்கேருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு போனா, கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல நிக்கிறோம்.

சரி, கடல்மட்டம்னா எந்தக் கடலோட எந்த மட்டம்? கடல் ஒரு இடத்துல நிக்கிற பொருளே இல்லையே. காலையில ஏறுது, மதியம் இறங்குது. இதைவிட முக்கியமான கேள்வி இன்னொண்ணு இருக்கு. ஒரு ராத்திரி அந்தக் கடல் தன் மட்டத்தை விட்டுட்டு ஊருக்குள்ள ஏறி வந்துட்டா, அது எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு யார் அளக்கிறது? எதை வச்சு அளக்கிறது?

இன்னைக்கு அந்தக் கதைதான். 1964 டிசம்பர் 22, ராமேஸ்வரம் தீவு, தனுஷ்கோடி.

கடலுக்கு ஒரு ஸ்கேல்

முதல்ல அளவுகோலைப் பார்த்துடலாம். அலைமானி, அதாவது டைடு கேஜ். பழைய காலத்து அலைமானி ரொம்ப எளிமையான கருவி. கரையோரமா ஒரு கிணறு மாதிரி கட்டுவாங்க. அதோட அடியில ஒரு சின்னத் துளை, கடலோட இணைப்பு. உள்ளே ஒரு மிதவை. மிதவையோட ஒரு பேனா. கடிகாரம் சுத்துற உருளையில காகிதம். கடல் ஏறினா மிதவை ஏறும், பேனா கோடு போடும்.

துளை ஏன் சின்னதா இருக்கணும்? அலைகளைத் தள்ளி வைக்கத்தான். பத்து விநாடிக்கு ஒரு தடவை வந்து மோதுற அலை, சின்னத் துளை வழியா உள்ளே வர்றதுக்குள்ள அடங்கிடும். மெதுவா மாறுற நீர்மட்டம் மட்டும்தான் உள்ளே தெரியும். சாஃப்ட்வேர் ஆட்களுக்குச் சொல்லணும்னா, கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின லோ பாஸ் ஃபில்டர். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்படிப் பல வருஷம் பதிவு பண்ணி, சராசரி எடுத்தா கிடைக்கிறதுதான் சராசரிக் கடல்மட்டம். சந்திரனோட பாதை ஒரு சுற்று முடிக்க 18.6 வருஷம் ஆகும்கிறதால, முறையா எடுக்கணும்னா சுமார் 19 வருஷப் பதிவு வேணும். இந்திய நில அளவைத் துறை 1909-ல நாட்டுக்கான உயர அளவை நிலைநிறுத்தினப்போ, ஒன்பது துறைமுகங்களோட அலைமானிப் பதிவுகளை அடிப்படையா எடுத்துக்கிட்டாங்க. சென்னையும் நாகப்பட்டினமும் அதுல உண்டு. போடிமெட்டோட உயரம் கடைசியில அந்த மாதிரிக் கிணறுகள்ல மிதந்த மிதவைகள்லதான் போய் நிக்குது.

ஆக, கடலை அளக்கத் தெரியாம இல்லை. அமைதியான நாள்ல நல்லாவே அளக்கத் தெரியும். அமைதி இல்லாத நாள்லதான் சிக்கல்.

அந்த ராத்திரி

1964 டிசம்பர் நடுவுல தெற்கு அந்தமான் கடல்ல ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாச்சு. மேற்கே நகர்ந்து வலுத்து, 22-ஆம் தேதி இலங்கையோட வடபகுதியை வவுனியா பக்கமாக் கடந்து, அன்னைக்கு ராத்திரி தனுஷ்கோடிக்கு வந்து சேர்ந்தது.

தனுஷ்கோடி அப்ப ஒரு முழு ஊர். 1914-ல பாம்பன் பாலம் திறந்ததுல இருந்து, சென்னையில ரயில் ஏறி, தனுஷ்கோடித் துறையில இறங்கி, கப்பல்ல தலைமன்னார் போய், அங்கே இன்னொரு ரயில் பிடிச்சுக் கொழும்பு போயிடலாம். போட் மெயில்னு பேரு. அதனால ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாமே அந்த மணல் திட்டுல இருந்தது. பல இடங்கள்ல அந்தத் திட்டு ஒரு கிலோமீட்டர்கூட அகலம் கிடையாது. வடக்குப் பக்கம் பாக் விரிகுடா, தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா.

அன்னைக்கு ராத்திரி 11.55-க்குப் பாம்பன்ல இருந்து தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் கிளம்புச்சு. எண் 653. பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர்கள் 5 பேர்னு பதிவு. தனுஷ்கோடியை நெருங்கினப்போ கடல் அதன்மேல ஏறிடுச்சு. யாரும் பிழைக்கலை. இலங்கை, இந்தியா ரெண்டு பக்கமும் சேர்த்து அந்தப் புயல்ல இறந்தவங்க சுமார் 1,800 பேர்னு சொல்றாங்க. பாம்பன் பாலத்தோட நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள்ள போச்சு. பிறகு சென்னை மாகாண அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியில்லாத இடம்னு அறிவிச்சது.

இது வரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்ச கதையா இருக்கலாம். யூட்யூப்ல தனுஷ்கோடின்னு தேடினா நூறு வீடியோ வரும். அதுல பெரும்பாலும் ஒரு எண்ணும் வரும். கடல் அலை ஏழு மீட்டர் எழுந்ததுன்னு. சிலர் இருபது அடிம்பாங்க, சிலர் இருபத்தஞ்சு அடிம்பாங்க. இந்திய வானிலைத் துறை பழைய புயல்களைப் பட்டியல் போடுற இடங்கள்ல இந்தப் புயலுக்கான கடல் எழுச்சி மூணு மீட்டர்ல தொடங்குது, அஞ்சு, ஆறு வரைக்கும் போகுது.

மூணுக்கும் ஏழுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம்னு யோசிங்க. மூணு மீட்டர்னா மாடிக்கு ஏறினவன் தப்பிப்பான். ஏழு மீட்டர்னா ரெண்டு மாடி வீடே மூழ்கும். ஒரே ராத்திரி, ஒரே ஊர், ஒரே கடல். எண் மட்டும் ஏன் இப்படி ஆடுது?

மூணு விதமான உயரம்

கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், ரெண்டு நிமிஷம்தான்.

புயல் வரும்போது கடல் ஏறுறதுக்குப் பல காரணங்கள் ஒண்ணா சேருது. முதலாவது காற்றழுத்தம். புயல் மையத்துல அழுத்தம் குறையும். ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைஞ்சா கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேல வரும். நாற்பது குறைஞ்சாலும் நாற்பது சென்டிமீட்டர்தான். ஊரை அழிக்க இது போதாது.

ரெண்டாவதுதான் உண்மையான வில்லன். காற்று தண்ணீரைத் தள்ளுறது. ஆழமான கடல்ல தள்ளின தண்ணி அடி வழியாத் திரும்பி ஓடிடும். ஆழமில்லாத கடல்ல திரும்ப வழியில்லை, கரையில குவியும். நான் ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 180 கிலோமீட்டர் காற்று, 50 கிலோமீட்டர் தூரம் ஒரே திசையில, கடலோட ஆழம் 10 மீட்டர்னு வைங்க. காற்று நிலையா அடிச்சா கரையில நீர்மட்டம் மூன்றரை மீட்டர் போல ஏறும். அதே காற்று, அதே தூரம், ஆழம் மட்டும் 100 மீட்டர்னா? பத்துல ஒரு பங்கு. முழங்கால் அளவு.

பாக் விரிகுடா எப்படிப்பட்ட கடல்? சராசரியா பத்து மீட்டர் கிட்டத்தட்ட ஆழம். தட்டுல ஊத்தின தண்ணி மாதிரி. நம்ம பக்கத்துல புயல் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த் திசையில சுத்தும். மையம் கிழக்கே, மன்னார் பக்கம் இருக்கிறப்போ தனுஷ்கோடியில காற்று வடக்கே இருந்து அடிக்கும். பாக் விரிகுடாத் தண்ணி முழுக்க அந்த மணல் திட்டு மேல வரும். மையம் மேற்கே தாண்டினதும் காற்று தெற்குக்குத் திரும்பும். அப்ப மன்னார் வளைகுடாவோட முறை. ஒரே ராத்திரியில ரெண்டு பக்கமும் வாங்கக்கூடிய இடம் அது.

மூணாவது, அலை. ஏறின நீர்மட்டத்துக்கு மேலதான் அலைகள் வந்து மோதும். அலை உடையிற இடத்துல தண்ணி இன்னும் கொஞ்சம் குவியும். உடைஞ்ச அலை கரை மேல ஓடி ஏறும். நாலாவது, வழக்கமான ஓதம். அன்னைக்கு மூணு நாள் முன்னாடிதான், டிசம்பர் 19, பௌர்ணமி. முழு சந்திர கிரகணமும்கூட. அதனால ஓதம் கொஞ்சம் பெரிசுதான். ஆனா பாக் விரிகுடாவில ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுங்கிறதால இதோட பங்கு சின்னது.

இப்ப கேள்விக்கு வருவோம். ஒருத்தர் அளக்கிறது காற்று தள்ளி ஏத்தின நீர்மட்டம். அலைமானிக்குள்ள தெரியுமே, அந்த மாதிரி மட்டம். இன்னொருத்தர் சொல்றது அதுக்கு மேல எழுந்த அலையோட உச்சி. மூணாமவர் சொல்றது அலை ஓடி ஏறி நின்ன மேட்டோட உயரம். மூணும் உயரம்தான், மூணும் மீட்டர்லதான் வரும், மூணுமே உண்மையா இருக்கலாம். ஒரே புயல்ல மூணு மீட்டரும் சரி, ஏழு மீட்டரும் சரின்னு ஆகுறது இப்படித்தான்.

இதோட இன்னொண்ணும் சேரும். எங்கேருந்து அளந்தது? தரையிலிருந்தா, சராசரிக் கடல்மட்டத்திலிருந்தா, அன்னைக்கு இருக்க வேண்டிய ஓத மட்டத்திலிருந்தா? நம்ம வேலையில டைம்சோன் இல்லாத டைம்ஸ்டாம்ப் வந்தா என்ன பாடு படுவோம்? காலையில ஒன்பது மணின்னு டேட்டாபேஸ்ல இருக்கு, எந்த ஊர் ஒன்பது மணின்னு தெரியாது. ஏழு மீட்டர்ங்கிறதும் அப்படித்தான். தனுஷ்கோடி பத்திப் பரவலாச் சொல்லப்படுற எண்கள் எதுலயும் இந்த விவரம் ஒட்டிக்கிட்டு வர்றதில்லை.

சுவர் சொல்ற சாட்சி

அப்போ கருவி இல்லாத இடத்துல, அல்லது கருவியே அடிச்சுக்கிட்டுப் போன இடத்துல, எப்படி அளக்கிறது? புயல் போன பிறகு போய், தண்ணி விட்டுட்டுப் போன தடத்தைப் படிக்கணும். கிட்டத்தட்டத் துப்பறியிற வேலை.

ரொம்ப நம்பகமான சாட்சி, பூட்டியிருந்த ஒரு அறையோட உள்சுவர். அங்கே சேற்றுக் கறை ஒரே நேர்க்கோடா இருக்கும். காரணம் உங்களுக்கே தெரியும். கதவிடுக்கு வழியாத் தண்ணி மெதுவா ஏறி மெதுவா இறங்குது, அலை உள்ளே வர முடியலை. அந்த அறை ஒரு ராத்திரிக்கு அலைமானிக் கிணறா மாறியிருக்கு. அதே வீட்டோட வெளிச்சுவர்ல இருக்கிற கறை அலையோட உயரத்தையும் சேர்த்துக் காட்டும். ரெண்டையும் அளந்தா நீர்மட்டம் எவ்வளவு, அலை எவ்வளவுன்னு பிரிச்சுடலாம்.

அடுத்த சாட்சி மரம். பட்டை உரிஞ்ச உயரம், கிளையில சிக்கின வலை, துணி. இது அலையோட உச்சியைச் சொல்லும், சில சமயம் தெறிச்ச உயரத்தையும் சொல்லும். அதனால கவனமா எடுத்துக்கணும். அப்புறம் குப்பை வரிசை. பாசி, குச்சி, சருகு எல்லாம் மேட்டுல ஒரு வரிசையா ஒதுங்கி நிக்கும். தண்ணி கடைசியா எட்டின இடம் அது.

தண்ணி வராத இடமும் சாட்சிதான். 1964-ல ராமேஸ்வரத்துல நிறையப் பேர் பெரிய கோயிலுக்குள்ள ஒதுங்கினாங்க, தண்ணி கோயிலை நெருங்கி நின்னுடுச்சுன்னு இன்னைக்கும் சொல்வாங்க. பக்தியோட சொல்ற கதை அது. அளக்கிறவனுக்கு அதுல ஒரு தரவும் இருக்கு. அந்த வாசப்படியோட உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளந்தா, அந்த இடத்துல நீர்மட்டம் அதைத் தாண்டலைன்னு ஒரு மேல் எல்லை கிடைக்கும்.

இந்தத் தடங்களை எல்லாம் லெவலிங் கருவியோ, துல்லியமான ஜிபிஎஸ்ஸோ வச்சு, நிலையான ஒரு உயரக் குறியோட இணைக்கணும். அந்த நேரத்து ஓதத்தைக் கழிக்கணும். இதுல பெரிய எதிரி நேரம். மழை கறையைக் கழுவும். வெயில் பாசியைக் காய வைக்கும், காற்று தூக்கிட்டுப் போகும். வீட்டுக்காரங்க சுவரைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பாங்க, அது அவங்க உரிமை. சில வாரத்துக்குள்ள போகலைன்னா சாட்சி எல்லாம் காணாமப் போயிடும்.

எங்க பக்கத்து ஏலத் தோட்டங்கள்ல மழைக் கணக்கு எழுதுற வழக்கம் உண்டு. மழைமானியில சேர்ந்த தண்ணியை தினமும் காலையில அளந்து நோட்டுல எழுதிடுவாங்க. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறின கஜா புயல், டெல்டாவோட தென்னைகளைச் சாய்ச்சுட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித்தான் அரபிக்கடலுக்குப் போச்சு. மலைக்கு வந்த புயல் மழையாத்தான் வருது. அந்த மழை அடுத்த நாள் காலையில ஒரு எண்ணா நோட்டுல ஏறிடுது, அளந்த கருவி எது, நேரம் எதுங்கிற விவரத்தோட. கரையில கடலா வர்ற அதே புயலுக்கு, ஒவ்வொரு தெருவுக்கும் அப்படி ஒரு மானியும் நோட்டும் வைக்க முடியாது. அங்கே நோட்டு, வீட்டுச் சுவர்தான். அதை வாசிக்க ஆள் சீக்கிரம் போகணும்.

ரெண்டு தீவு, 116 வருஷம்

இதெல்லாம் அளந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணலாம். அதுக்குப் பதில் பிலிப்பைன்ஸ்ல இருக்கு.

2013 நவம்பர் 8. ஹையான் சூறாவளி. சாமார், லேய்த்தேன்னு ரெண்டு பெரிய தீவுகள். 6,300 பேருக்கு மேல இறந்தாங்க. ரெண்டு தீவுக்கும் நடுவுல இருக்கிற, உள்ளே போகப்போக ஆழம் குறையிற விரிகுடாவோட முனையில இருக்கு தக்லோபான் நகரம். காற்று தள்ளின தண்ணி அங்கே குவிஞ்சுது. பிலிப்பைன்ஸ், ஜப்பான் பொறியாளர்கள் எல்லாம் சீக்கிரமே போய், வீடு வீடாச் சுவர்க் கறையை அளந்தாங்க. தக்லோபான் பக்கம் அஞ்சுல இருந்து ஏழு மீட்டர் வரைக்கும் கிடைச்சது. பாக் விரிகுடாவுக்குச் சொன்ன அதே கணக்குதான்.

ஆச்சரியம் சாமார் தீவோட கிழக்குக் கரையில இருந்தது. ஹெர்னானின்னு ஒரு சின்ன ஊர். முன்னாடி அகலமான பவளத்திட்டு, அதுக்கு அப்பால ஆழ்கடல். ஆழம் இருக்கு, அதனால காற்று தண்ணியைக் குவிக்க முடியாது. திட்டு இருக்கு, அதனால அலை அங்கேயே உடைஞ்சிடும். கணக்குப்படி பாதுகாப்பான இடம். ஆனா போய் அளந்தவங்களுக்குக் கிடைச்ச உயரங்களும், ஊர்ல இருந்த சேதமும் அந்தக் கணக்குல அடங்கலை. ஒரு வீட்டு மாடியிலிருந்து எடுத்த வீடியோவில, சுனாமி மாதிரி ஒரு நீர்ச்சுவர் வந்து வீடுகளைத் தூக்கிட்டுப் போறது தெரியும். ரெண்டு வருஷம் கழிச்சு வந்த ஆய்வு காரணத்தைச் சொல்லுச்சு. பெரிய அலைகள் கூட்டம் கூட்டமா வர்றப்போ, அந்தக் கூட்டத்தோட தாளமே ஒரு நீளமான அலையா மாறி, திட்டு மேல எழும்பியிருக்கு. பவளத்திட்டு பொதுவா ஊரைக் காப்பாத்தும். அப்படிப்பட்ட அலை வரும்போது காப்பாத்தாமலும் போகலாம். இந்தப் பாடம் கையில கிடைச்சது, யாரோ போய்ச் சேதத்தை அளந்து, கணக்கு உதைக்குதேன்னு விடாமக் கேட்டதாலதான்.

இன்னொரு விஷயம் மனசை உறுத்தும். 1897 அக்டோபர்ல இதே தீவுகளை இதே மாதிரி ஒரு சூறாவளி தாக்கியிருக்கு. மணிலா வானிலை ஆய்வகத்துல இருந்த ஹோசே அல்கே என்கிற ஜெசுவிட் பாதிரியார் அதைப் பத்தி விவரமாத் தகவல் திரட்டி, அடுத்த வருஷமே புத்தகமாப் போட்டுட்டார். எந்த ஊர்ல கடல் எவ்வளவு ஏறுச்சுங்கிறது வரைக்கும். ஹெர்னானியும் அதுல இருக்கு. 2013-க்குப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. 116 வருஷ இடைவெளியில அதே கரைகள், ஒப்பிடக்கூடிய உயரங்கள். எழுதி வச்சவர் எழுதி வச்சுட்டார். ஊரோட ஞாபகத்துல அது தங்கலை.

எச்சரிக்கையும் வராம இல்லை. ஏழு மீட்டர் வரைக்கும் கடல் எழுச்சி இருக்கும்னு முன்கூட்டியே சொன்னாங்க. ஆனா அந்த ஆங்கிலச் சொல் பலருக்குப் புரியலை. சுனாமின்னு சொல்லியிருந்தா ஓடியிருப்போம்னு பிழைச்சவங்க பிறகு சொன்னாங்க. நம்ம நிலைமை மட்டும் என்ன? செய்தியில கடல் கொந்தளிப்பும்பாங்க, கடல் சீற்றமும்பாங்க. ரெண்டு வார்த்தையும் அலை பெரிசா இருக்கும்னுதான் சொல்லுது, கடல் ஊருக்குள்ள ஏறி வரும்னு சொல்லலை. புயல் எழுச்சின்னு பாடப் புத்தகத்துல ஒரு சொல் இருக்கு, கரையில யார் வாயிலயும் நான் கேட்டதில்லை. உங்க வீட்டு வாசல்ல இடுப்பளவு தண்ணி நிக்கும்னு சொன்னாத்தான் புரியும். அப்படிச் சொல்லணும்னா போன தடவை வாசல்ல எவ்வளவு நின்னுச்சுன்னு ஒரு எண் வேணும்.

பாலம் எழுந்தது, கேள்வி நிக்குது

தனுஷ்கோடிக்குத் திரும்புவோம். புயலுக்குப் பிறகு ஒரு பெரிய பொறியியல் சாதனை நடந்தது. பாம்பன் பாலத்தைச் சீர்படுத்தற பொறுப்பு ஈ. ஸ்ரீதரன்கிட்ட வந்தது, பின்னாள்ல டெல்லி மெட்ரோ கட்டினவர். அப்ப அவருக்கு 32 வயசு. ரயில்வே முதல்ல ஆறு மாசம் கெடு வச்சது, பிறகு அதை மூணு மாசமாக் குறைச்சாங்க. கடல்ல விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து, திரும்பத் தூக்கி வச்சு, 46 நாள்ல ரயில் ஓட வச்சார். என்னை மாதிரி என்ஜினியரிங் படிச்ச ஒவ்வொருத்தனும் கேட்டு வளர்ந்த கதை.

ஆனா ரயில் ராமேஸ்வரம் வரைக்கும்தான். தனுஷ்கோடிப் பாதை திரும்ப வரலை. ஊர் காலியாச்சு. ஆள் இல்லாத ஊர்ல, இந்தச் சுவர்ல இவ்வளவு தண்ணி நின்னுச்சுன்னு விரல் நீட்டிக் காட்டவும் ஆள் இல்லை. தேவாலயச் சுவரும் ரயில் நிலைய இடிபாடும் மிச்சம். அறுபது வருஷ வெயிலும் உப்புக் காத்தும் பட்ட பிறகு அந்தச் சுவர்ல கறையைத் தேட முடியாது.

இது பழைய கதை மட்டும்னா நான் எபிசோட் பண்ணியிருக்க மாட்டேன். 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறந்தாச்சு. விடுமுறை நாள்ல அந்தக் குறுகலான திட்டு மேல கார், வேன்னு வரிசை கட்டி நிக்குது. 2019-ல ராமேஸ்வரத்துல இருந்து தனுஷ்கோடிக்குத் திரும்ப ரயில் பாதை போட அடிக்கல் நாட்டினாங்க. 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்தது, பழையதைவிட மூணு மீட்டர் உயரத்துல.

அந்தத் திட்டுல ஒருத்தர் ஒரு கட்டடம் கட்டுறார், ஒரு சாலை போடுறார், ஒரு புயல் பாதுகாப்பு மையம் கட்டுறார்னு வைங்க. தளம் எவ்வளவு உயரத்துல இருக்கணும்? மூணு மீட்டரை நம்பிக் கட்டி ஏழு வந்தா, உள்ளே இருக்கிறவங்க செத்தாங்க. ஏழுக்குன்னு திட்டம் போட்டா செலவைப் பார்த்துட்டு யாரும் கட்டவே மாட்டாங்க. அந்த நாலு மீட்டர்லதான் உயிரும் பணமும் இருக்கு.

நிலைமை மாறியிருக்கு, இல்லைன்னு சொல்லலை. 2004 சுனாமிக்குப் பிறகு ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனத்துல 2007-ல இருந்து சுனாமி எச்சரிக்கை மையம் ஓடுது. அலைமானிகள் இப்ப பேனாவும் காகிதமும் இல்லாம, நிமிஷத்துக்கு நிமிஷம் தரவு அனுப்புது. புயல் வந்தா எந்தக் கரையில கடல் எவ்வளவு ஏறும்னு கம்ப்யூட்டர் மாடல் ஓட்டிச் சொல்றாங்க. ஆனா மாடல் எழுதறவனா ஒண்ணு சொல்றேன். எந்த மாடலும் டெஸ்ட் கேஸ் அளவுக்குத்தான் நல்லது. புயல் முடிஞ்சதும் நீ சொன்னது சரியா வந்துச்சான்னு ஒத்துப் பார்க்க, கரையில அளந்த எண் வேணும். அலைமானி துறைமுகத்துல ஒண்ணு இருக்கும். இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மீனவக் குப்பத்துல என்ன நடந்துச்சுன்னு அந்தக் குப்பத்துச் சுவர்தான் சொல்லணும்.

இந்த இடத்துல நாம வர்றோம். கேட்கிறவங்கள்ல நிறையப் பேர் சென்னை, கடலூர், புதுச்சேரி, நாகை, தூத்துக்குடிப் பக்கம் இருக்கீங்க. அடுத்த புயல்ல கடல்தண்ணி தெருவுக்குள்ள வந்துச்சுன்னா, முதல்ல உயிரைப் பாருங்க, அலுவலர்கள் சொல்ற இடத்துக்குப் போயிடுங்க. திரும்பி வந்து வீட்டைக் கழுவறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. உள்சுவர்ல கறைக்கோட்டைத் தேடுங்க. பக்கத்துல ஒரு டேப்பையோ, டேப் இல்லைன்னா உயரம் தெரிஞ்ச ஒரு பொருளையோ வச்சு, தரையோட சேர்த்துப் படம் எடுங்க. போன்ல லொகேஷன் ஆன் பண்ணிக்கோங்க. உள்சுவரா வெளிச்சுவரா, தண்ணி எத்தனை மணிக்கு ஏறுச்சு, எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. வெளிச்சுவர்ல ஒரு ஆணியோ, பெயின்ட் கோடோ போட்டுத் தேதி எழுதிட்டா இன்னும் நல்லது. கடல்மட்டத்திலிருந்து எவ்வளவுன்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டாம். இடம் தெரிஞ்சா, அதை அளக்கிறவங்க பிறகு வந்துகூட அளந்துக்குவாங்க. கறை போயிட்டா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

அன்னைக்கு அந்த ரயில்ல போன 115 பேர், அவங்க மேல ஏறின தண்ணி எவ்வளவு உயரம்னு உறுதியா ஒரு எண்ணைக்கூட நமக்கு விட்டுட்டுப் போக முடியலை. இனி வர்ற புயலுக்காவது அந்த எண் யாரோ ஒருத்தர் போன்ல இருக்கட்டும்.

ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது 1964 பத்திச் சொன்ன ஞாபகம் இருந்தா, தண்ணி எந்த இடம் வரைக்கும் வந்துச்சுன்னு கேட்டு வைங்க. எந்த வாசப்படி, எந்த மரம், எந்தக் கிணறு. இடத்தைக் குறிச்சுக் கேளுங்க. அவங்க இருக்கிறப்பவே கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வணக்கம்.